உயர்தரக் காருக்கு மாற்று பிரேக் பேட்: செலவைக் குறைத்து, தரத்தைக் குறைக்காமல் வாங்குவது எப்படி?

கேள்வி: அச்சாணி

வணக்கம். என்னிடம் பிஎம்டபிள்யூ 3 வரிசையின் எஃப்30 தலைமுறைக் கார் உள்ளது. நிறுவனத்தின் உத்தரவாதக் காலம் முடிந்து நெடுநாளாகிறது. முன்சக்கரங்களின் பிரேக் பேட் தேய்ந்துவிட்டதாக எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கியதால், அங்கீகாரம் பெற்ற சேவை மையம் ஒன்றில் செலவு எவ்வளவு ஆகும் என்று விசாரித்தேன். முன்னும் பின்னும் பேட், அவற்றோடு நான்கு டிஸ்க்குகள், சென்சார்கள், பிரேக் ஆயில், கூலி என்று அவர்கள் எழுதிக் கொடுத்த மதிப்பீடு, இத்தனை ஆண்டுகள் ஓடிய காருக்குச் செலவிடத் தயங்க வைக்கும் தொகையாக இருக்கிறது. சக்கரங்களைக் கழற்றிப் பார்க்காமலேயே டிஸ்க்குகளையும் பின்சக்கரப் பேட்களையும் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள் என்பது எனக்கு உறுத்தலாக உள்ளது.

வெளியில் தேடினால் வேறு விதமான குழப்பம். காரின் பெயரைக் கொடுத்துத் தேடும்போதே, முன்சக்கரத்துக்கு மட்டும் அளவில் வேறுபட்ட பல வகைப் பேட்கள் வருகின்றன. மிகக் குறைந்த விலைக்கும் மிக உயர்ந்த விலைக்கும் இடையே பல மடங்கு இடைவெளி இருக்கிறது. சிலவற்றில் "செராமிக்" என்றும், சிலவற்றில் "ஒரிஜினலுக்கு நிகரானது" என்றும் எழுதியிருக்கிறார்கள். அந்தச் சொற்களுக்கு என்ன பொருள் வைத்துக்கொள்வது என்று விளங்கவில்லை.

குடும்பத்தோடு நெடுஞ்சாலையில் அடிக்கடி செல்கிற கார் இது. ஆகவே பிரேக்கில் தரத்தைக் குறைத்துப் பணத்தைச் சேமிக்க எனக்கு விருப்பமில்லை. கார் நிறுவனத்தின் பெட்டிக்காக மட்டும் கொடுக்கும் கூடுதல் பணத்தைத் தவிர்க்க முடியுமா என்பதுதான் என் கேள்வி. எந்தப் பேட் என் காருக்கு உரியது என்று எப்படி உறுதி செய்வது, தரத்தை எதை வைத்து அறிவது, டிஸ்க்கையும் கட்டாயம் மாற்ற வேண்டுமா என்பவற்றை அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: உராய்வுக்கெழு

நீங்கள் கேள்வியைச் சரியான இடத்தில் வைத்திருக்கிறீர்கள். கார் நிறுவனங்கள் பிரேக் பேட்களைப் பொதுவாகத் தாங்களே செய்வதில்லை. உராய்வுப் பொருள் செய்வதையே தொழிலாகக் கொண்ட சில நிறுவனங்களிடமிருந்து வாங்கித் தங்கள் பெட்டியில் இட்டு விற்கின்றன. ஐரோப்பிய உயர்தரக் கார்களைப் பொறுத்தவரை டெக்ஸ்டார், பேகிட், ஜூரிட், ஃபெரோடோ, ஏடிஇ, டிஆர்டபிள்யூ, பிரெம்போ ஆகிய பெயர்களையே திரும்பத் திரும்பக் காண்பீர்கள். இவற்றுள் டெக்ஸ்டாரும் பேகிடும் டிஎம்டி ஃபிரிக்ஷன் என்ற ஒரே குழுமத்தின் பெயர்கள். ஃபெரோடோ, 1897ஆம் ஆண்டில் ஹெர்பர்ட் ஃபுரூட் தொடங்கிய, இந்தத் தொழிலின் மிகப் பழைய நிறுவனங்களில் ஒன்று. டிஆர்டபிள்யூ 2015இல் இசட்எஃப் நிறுவனத்தின் கைக்கு வந்தது. இவர்கள் கார் நிறுவனத்துக்கும் கொடுக்கிறார்கள். தங்கள் சொந்தப் பெயரில் உதிரிபாகச் சந்தைக்கும் கொடுக்கிறார்கள். உங்கள் சேமிப்பு இந்த இரண்டாவது வழியில்தான் இருக்கிறது.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. "இந்த நிறுவனம்தான் கார் நிறுவனத்துக்கும் தயாரித்துக் கொடுக்கிறது" என்பது உண்மையாக இருந்தாலும், "ஆகவே சந்தையில் கிடைக்கும் பேட்டும் அதே பேட்" என்பது எப்போதும் உண்மையாகிவிடாது. ஒரே உற்பத்தியாளர் ஒரே வடிவப் பேட்டைக் கார் நிறுவனத்துக்கு ஒரு கலவையிலும், சந்தைக்கு வேறொரு கலவையிலும் கொடுப்பது உண்டு. இதை ஊகிக்க வேண்டியதில்லை. பேட்டின் பின்பக்க இரும்புத் தகட்டிலோ, உராய்வுப் பொருளின் ஓரத்திலோ உற்பத்தியாளரின் பெயர், கலவையின் எண், அதையடுத்து இரண்டு ஆங்கில எழுத்துகள் ஆகியவை பெரும்பாலும் அச்சிடப்பட்டிருக்கும். காரிலிருந்து கழற்றிய பழைய பேட் கார் நிறுவனத்தினுடையதாக இருந்தால், அதைத் தூக்கி எறியாமல் துடைத்துப் பாருங்கள். நீங்கள் வாங்கப்போகும் பேட்டில் அதே பெயரும் அதே கலவை எண்ணும் இருந்தால், கார் நிறுவனத்தின் சின்னம் மட்டும் இல்லாத அதே பொருளை வாங்குகிறீர்கள் என்று நம்பிக்கையோடு சொல்லலாம்.

அந்த இரண்டு எழுத்துகள் உராய்வுக்கெழுவின், அதாவது பேட் டிஸ்க்கை எவ்வளவு பிடிக்கிறது என்பதைக் காட்டும் எண்ணின், வகையைக் குறிப்பவை. முதல் எழுத்து சாதாரண வெப்பநிலைக்கும், இரண்டாவது எழுத்து சூடேறிய நிலைக்கும் உரியது. ஈ என்றால் 0.25க்கு மேல் 0.35 வரை, எஃப் என்றால் 0.35க்கு மேல் 0.45 வரை, ஜி என்றால் 0.45க்கு மேல் 0.55 வரை. எஃப்எஃப் என்று இருந்தால், சூடேறினாலும் பேட் தன் பிடிப்பை அதே வரம்புக்குள் வைத்திருக்கிறது என்று பொருள். எஃப்ஈ என்று இருந்தால் சூட்டில் பிடிப்பு ஒரு படி இறங்குகிறது. எடை கூடிய, வேகம் கூடிய காருக்கு அத்தகைய பேட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் இந்த எழுத்துகள் சிறிய மாதிரித் துண்டைச் சோதனைக்கருவியில் வைத்து அளந்ததன் முடிவுகளே. பேட் எவ்வளவு நாள் உழைக்கும் என்றோ, உங்கள் காரில் பிரேக் மிதி எப்படி உணரப்படும் என்றோ அவை சொல்வதில்லை.

இதைவிட முக்கியமான அடையாளம், ஐக்கிய நாடுகள் அமைப்பின் வாகன ஒழுங்குமுறைகளில் 90ஆம் எண்ணுடையது. வட்டத்துக்குள் ஈ என்ற எழுத்தும், ஒப்புதல் அளித்த நாட்டின் எண்ணும், அதன் அருகே "90ஆர்" என்று தொடங்கும் ஒப்புதல் எண்ணும் பேட்டிலேயே இருக்கும். ஈ1 என்றால் ஜெர்மனி, ஈ3 என்றால் இத்தாலி, ஈ9 என்றால் ஸ்பெயின். இந்த ஒப்புதலைப் பெற, மாற்றுப் பேட்டைக் காரில் பொருத்திச் சோதிக்கும்போது அதன் பிரேக் திறன் மூலப் பேட்டின் திறனிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் விலகக் கூடாது. இரும்புத் தகட்டிலிருந்து உராய்வுப் பொருள் பெயர்ந்துவிடாமல், சதுர சென்டிமீட்டருக்குக் குறைந்தது 250 நியூட்டன் விசையைத் தாங்க வேண்டும். சூட்டில் அமுங்கும் அளவுக்கும் வரம்பு உண்டு. மிக மலிவான பேட்களில் நான் அஞ்சுவது தகட்டிலிருந்து உராய்வுப் பொருள் பெயர்ந்து வருவதைத்தான்; தேய்மானம் விரைவாக இருந்தால் பணம்தான் போகும், பெயர்ந்து வந்தால் ஒரு சக்கரத்தின் பிரேக்கே போகும். ஆகவே இந்த ஒப்புதல் எண் இல்லாத பேட்டை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். அதே வேளையில், இந்த ஒப்புதல் சத்தத்தையும் தூசியையும் ஆயுளையும் பற்றி எதுவும் உறுதியளிப்பதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். அவற்றுக்கு உற்பத்தியாளரின் பெயரைத்தான் நம்ப வேண்டும்.

எந்தப் பேட் உங்கள் காருக்கு உரியது என்ற கேள்விக்கு வருகிறேன். காரின் பெயரையும் ஆண்டையும் மட்டும் வைத்துத் தேடினால் தவறான பேட்தான் கிடைக்கும். எஃப்30இலேயே எஞ்சினையும் கூடுதல் தேர்வுகளையும் பொறுத்து 312, 330, 340 மி.மீ. விட்டமுள்ள முன் டிஸ்க்குகள் உண்டு. விட்டம் மாறினால், பேட்களைப் பிடித்து டிஸ்க்கின் மீது அழுத்தும் காலிப்பரும் பேட்டின் வடிவமும் மாறக்கூடும். காரின் 17 இலக்க அடையாள எண்ணைக் கொண்டு கார் நிறுவனத்தின் பாகப் பட்டியலில் தேடி, 34 என்று தொடங்கும் 11 இலக்கப் பாக எண்ணை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய எண்ணுக்குப் பதிலாகப் புதிய எண் வந்திருந்தால் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பின் டெக்ஸ்டாரின் பிரேக்புக், பிரெம்போவின் இணையப் பட்டியல் போன்றவற்றில் அந்த எண்ணை இட்டால், அதற்கு ஈடான அவர்களின் எண் கிடைக்கும். பேட்டின் வடிவத்தைக் குறிக்கும் ஐந்திலக்க டபிள்யூவிஏ எண்ணும் அங்கேயே இருக்கும். அது உங்கள் பழைய பேட்டின் தகட்டிலும் இருக்கும். இரண்டும் ஒத்துப்போனால், அகலம், உயரம், தடிமன் மூன்றையும் பட்டியலோடு ஒப்பிட்டுவிட்டு வாங்கலாம்.

வேறு கார் வைத்திருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். வோக்ஸ்வாகன் குழுமக் கார்களின் பாக எண்ணில் நடுவில் வரும் 698 பேட்டைக் குறிக்கும். அதையடுத்து 151 வந்தால் முன்பக்கம், 451 வந்தால் பின்பக்கம். அந்தக் கார்களில் 1எல், 1கே, 1இசட் என்று தொடங்கும் மூன்றெழுத்துக் குறியீடு, டிக்கியில் உள்ள தகவல் ஒட்டியிலோ சேவைக் குறிப்பேட்டிலோ இருக்கும். எந்த பிரேக் அமைப்பு பொருத்தப்பட்டிருக்கிறது என்பதை அது நேரடியாகச் சொல்லிவிடும்.

மறுமொழி: பழைய பட்டறை

நான் பட்டறை வேலையில் இருப்பவன். உயர்தரக் கார்கள்தான் பெரும்பாலும் வருகின்றன. முன்னவர் சொன்னவற்றோடு எனக்கு முழு உடன்பாடு. பொருத்தும் வேலையைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன். நல்ல பேட் வாங்கிய பலரும் கோட்டை விடுவது இங்கேதான்.

டிஸ்க்கை மாற்ற வேண்டுமா என்பதற்கு அளந்து பார்ப்பதைத் தவிர வேறு பதில் இல்லை. டிஸ்க்கின் நடுப்பகுதியிலோ விளிம்பிலோ குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். புதிதாக 24 மி.மீ. உள்ள பிஎம்டபிள்யூ டிஸ்க்கில் அது 22.4 மி.மீ. என்று இருக்கும். மைக்ரோமீட்டரைக் கொண்டு, விளிம்பில் எழும்பி நிற்கும் மேட்டைத் தவிர்த்து, பேட் உரசும் பகுதியில் சுற்றிலும் பல இடங்களில் அளக்க வேண்டும். சாதாரண வெர்னியர் காலிப்பரின் தாடை அந்த மேட்டின் மீது உட்கார்ந்து, டிஸ்க் தடிமனாக இருப்பதாகக் காட்டிவிடும். குறைந்தபட்சத்துக்கு மேல் போதிய தடிமன் இருந்து, விரிசலும் ஆழமான பள்ளமும் இல்லாவிட்டால் பழைய டிஸ்க்கையே வைத்துக்கொள்ளலாம். அளக்காமல் மாற்றச் சொல்பவரிடம், அளவை எழுதித் தரும்படி கேட்பது உங்கள் உரிமை. அதே நேரத்தில், டிஸ்க் எல்லையை நெருங்கியிருந்தால் இப்போதே மாற்றுவதுதான் சிக்கனம். புதிய பேட்டின் பாதி ஆயுளில் டிஸ்க்குக்காக மீண்டும் எல்லாவற்றையும் கழற்றினால் இரண்டு முறை கூலி கொடுப்பீர்கள்.

பிஎம்டபிள்யூவின் தேய்மான சென்சாரைப் பற்றி ஒரு செய்தி. உங்கள் காரில் முன் இடதிலும் பின் வலதிலுமாக இரண்டே சென்சார்கள் உண்டு. பேட் தேய்ந்து சென்சாரின் கம்பி டிஸ்க்கில் உரசும்போது, அதன் முதல் மின்சுற்று அறுந்து எச்சரிக்கை வருகிறது. அதன் பிறகு எஞ்சிய தூரத்தைக் கார் கணக்கிட்டுக் காட்டுகிறது. ஒருமுறை அறுந்த சென்சாரை மீண்டும் பயன்படுத்த முடியாது. பழையதை ஒட்டவைத்தோ கம்பிகளை இணைத்துவிட்டோ ஏமாற்ற முயன்றால், அடுத்த முறை எச்சரிக்கை இல்லாமலே தகடு டிஸ்க்கைக் கிழிக்கும். புதிய சென்சார் பொருத்திய பிறகு, காரின் கருவிப்பலகையில் உள்ள பொத்தானைக் கொண்டே சேவைக் கணக்கை மறுபடி தொடங்கிவிடலாம். அதற்காகத் தனியே எங்கும் போக வேண்டியதில்லை. பெரும்பாலான மாற்றுப் பேட் பெட்டிகளில் சென்சார் இருக்காது. இரண்டு கடைகளின் விலையை ஒப்பிடும்போது இதைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

பேட்டோடு மாற்ற வேண்டிய சிறு பாகங்களும் உண்டு: பேட்டைப் பிடித்திருக்கும் கம்பிச்சுருள், தகட்டின் பின்னே ஒட்டும் அதிர்வடக்கி, சில கார்களில் ஒருமுறை மட்டுமே பயன்படுத்தத் தகுந்த போல்ட்டுகள். பிரேக் கிறீச்சிடுகிறது என்று என்னிடம் வரும் கார்களில் பலவற்றுக்குப் பேட் காரணமாக இருப்பதில்லை. பேட் உட்காரும் துருவேறிய தாங்கியைச் சுத்தம் செய்யாமல் அதில் புதிய பேட்டைத் திணித்ததும், காலிப்பர் நகர வேண்டிய ஊசிகள் வறண்டு இறுகியிருப்பதும்தான் காரணமாக இருக்கின்றன. ஊசி இறுகினால் உள்பக்கப் பேட் ஒன்று மட்டும் முழுவதும் தேய்ந்து, வெளிப்பக்கப் பேட் பாதிக்கு மேல் மிச்சமிருக்கும். பழைய பேட்களை வரிசையாக வைத்துப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். அந்த ஊசிகளுக்குப் பெட்ரோலியக் கிரீஸ் போடக் கூடாது; ரப்பர் உறை ஊதிவிடும். கார் நிறுவனம் எண்ணெயே இடக் கூடாது என்று சொல்லும் ஊசிகளைச் சுத்தம் மட்டும் செய்து பொருத்த வேண்டும். செம்புக் கிரீஸை எல்லா இடத்திலும் அப்பும் பழைய வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். பேட்டின் உரசும் பக்கத்தில் எந்தக் கிரீஸும் படவே கூடாது.

புதிய பேட்டுக்கு இடம் கிடைக்க, காலிப்பரில் பேட்டை அழுத்தும் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது பிரேக் ஆயில் மேலே ஏறும். தொட்டியில் ஏற்கெனவே யாராவது நிரப்பியிருந்தால் வழிந்து பெயின்டைக் கரைத்துவிடும். முதலில் மூடியைத் திறந்து அளவைப் பாருங்கள். மின்சாரக் கைபிரேக் உள்ள கார்களில் பின் பிஸ்டனை வலிந்து தள்ளக் கூடாது. கணினிக் கருவியைக் கொண்டு அதைப் பழுதுபார்ப்பு நிலைக்குக் கொண்டுவந்த பிறகே தொட வேண்டும். உங்கள் காரில் கையால் இழுக்கும் பிரேக்தான் என்பதால் இந்தச் சிக்கல் இல்லை.

மறுமொழி: நெடும்பயணி

"செராமிக்" பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். ஐரோப்பிய உயர்தரக் கார்களில் நிறுவனம் பொருத்தி அனுப்புவது பெரும்பாலும் குறைந்த அளவு உலோகம் கலந்த பேட். மிதித்தவுடன் பற்றும், வேகத்தில் நன்றாக நிறுத்தும். ஆனால் சக்கரத்தில் கருந்தூசி படியும். சந்தையில் "செராமிக்" என்று விற்கப்படுவது செராமிக் இழைகள் கலந்த வேறொரு கலவை; தூசியும் சத்தமும் குறைவு, தொடக்கப் பற்றுதல் சற்று மென்மை. என் காரில் அக்கெபோனோவின் இத்தகைய பேட்டைத்தான் பயன்படுத்துகிறேன். நகருக்குள் ஓட்டுவதற்கு எனக்கு முழு மனநிறைவு. சக்கரங்கள் வாரக்கணக்கில் சுத்தமாக இருக்கின்றன. மலைப்பாதையில் சுமையோடு இறங்கும்போது மட்டும் மிதியைச் சற்று அழுத்தமாக மிதிக்க வேண்டியிருக்கிறது. நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு அடிக்கடி செல்பவர் என்றால், தூசியைப் பொறுத்துக்கொண்டு மூலக் கலவைக்கு நெருக்கமானதையே வாங்குங்கள் என்பதுதான் என் கருத்து.

மிக விலை உயர்ந்த சில கார்களில் டிஸ்க்கே கார்பன் செராமிக்கால் ஆனது. அதற்கும் இந்தப் பேட்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அந்த டிஸ்க்குகளுக்கென்றே செய்யப்பட்ட பேட் அல்லாத வேறு எதையும் அவற்றில் பொருத்தக் கூடாது. பேட்டில் சேமித்த தொகையைப் போலப் பல மடங்கு டிஸ்க்குக்குப் போய்விடும்.

இன்னொரு வழியையும் விசாரித்துப் பாருங்கள். கார் நிறுவனங்களே, சில ஆண்டுகள் பழைய கார்களுக்காகக் குறைந்த விலையில் இரண்டாவது வரிசை உதிரிபாகங்களை விற்கின்றன. மெர்சிடிஸின் ஸ்டார்பார்ட்ஸ், வோக்ஸ்வாகனின் எகானமி பாகங்கள் போன்றவை. சேவை மையத்தில் நாமாகக் கேட்டால்தான் பெரும்பாலும் சொல்கிறார்கள். கேட்டுவிட்டு, அந்த விலையைச் சந்தை விலையோடு ஒப்பிடலாம்.

மறுமொழி: அச்சாணி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்னபடி முன்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தேன். பழைய பேட்டின் தகட்டில் பிஎம்டபிள்யூ சின்னத்தோடு ஜூரிட் என்ற பெயரும், கலவை எண்ணும், எஃப்எஃப் என்ற எழுத்துகளும் தெளிவாக இருக்கின்றன. உராய்வுப் பொருள் உள்பக்கத்தில் ஏறக்குறைய 3 மி.மீ.யும் வெளிப்பக்கத்தில் அதைவிடச் சற்றுக் கூடுதலாகவும் உள்ளது. டிஸ்க்கை நண்பர் ஒருவரின் மைக்ரோமீட்டரால் அளந்ததில் மிக மெல்லிய இடத்தில் 23.2 மி.மீ. வந்தது; பொறிக்கப்பட்டிருக்கும் எல்லை 22.4. பின்சக்கரப் பேட்டில் 6 மி.மீ.க்குக் குறையாமல் மிச்சமிருக்கிறது.

இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. இந்த 23.2 மி.மீ. டிஸ்க்கின் மீது புதிய பேட் போடலாமா? இணையச் சந்தையில் ஜூரிட் என்றே பெயரிட்டு, மற்ற கடைகளின் விலையில் பாதிக்குக் கீழே ஒருவர் விற்கிறார், அதை நம்பலாமா?

மறுமொழி: உராய்வுக்கெழு

இரண்டாவது ஐயத்துக்கு முதலில் பதில் சொல்கிறேன்: வாங்காதீர்கள். பெயர் பெற்ற பேட்களுக்குத்தான் போலிகள் அதிகம். எல்லாக் கடைகளும் ஏறக்குறைய ஒரே விலையில் விற்கும் பொருளை ஒருவர் மட்டும் பாதி விலைக்குத் தந்தால், அது போலியாகவோ, பழைய இருப்பாகவோ, திருப்பி அனுப்பப்பட்ட பெட்டியாகவோ இருக்கும் வாய்ப்பே அதிகம். உற்பத்தியாளரின் இணையதளத்தில் அவர்களின் அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தர்களின் பட்டியல் இருந்தால், அதில் உள்ள ஒருவரிடம் வாங்குங்கள். கூடுதலாகச் செலவானாலும், பொருத்தமில்லாவிட்டால் திருப்பிக் கொடுக்க ஓர் இடம் இருக்கும்.

பெட்டி கைக்கு வந்ததும் பார்க்க வேண்டியவை சில. நான் சொன்ன 90ஆம் ஒழுங்குமுறையின்படி, பேட்கள் ஓர் அச்சுக்கு, அதாவது இடம், வலம் இரு சக்கரங்களுக்கும், உரிய முழுத் தொகுதியாகவே விற்கப்பட வேண்டும். பெட்டி, முன்பே பிரிக்கப்பட்டிருந்தால் தெரியும்படி முத்திரையிடப்பட்டிருக்க வேண்டும். பொருத்தும் முறையைச் சொல்லும் தாளும் உள்ளே இருக்க வேண்டும். ஒரு சக்கரத்துக்கு மட்டும் என்று பிரித்துத் தருபவரிடமோ, முத்திரை உடைந்த பெட்டியைத் தருபவரிடமோ வாங்க வேண்டாம். நான்கு பேட்களிலும் கலவை எண்ணும் தயாரிப்புத் தொகுதி எண்ணும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். எழுத்துகள் மங்கியோ கோணலாகவோ இருந்தாலும், தகட்டின் விளிம்புகள் பிசிறாக இருந்தாலும், ஒப்புதல் எண் பெட்டியில் மட்டும் இருந்து பேட்டில் இல்லாவிட்டாலும் பொருத்தாமல் திருப்பி அனுப்பிவிடுங்கள். பெட்டியில் சரிபார்ப்புக் குறியீடு இருந்தால், பெட்டியில் அச்சிட்டிருக்கும் முகவரியை நம்பாமல் உற்பத்தியாளரின் தளத்துக்கு நீங்களே சென்று அதைச் சரிபாருங்கள்.

ஜூரிட் கிடைக்காவிட்டால், உங்கள் பாக எண்ணுக்கு ஈடாக டெக்ஸ்டாரோ ஏடிஇயோ காட்டும் பேட்டைத் தயக்கமின்றி வாங்கலாம். இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் வேறொன்று என்று மட்டும் எந்நிலையிலும் போடாதீர்கள். பிரேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுக்கும்.

மறுமொழி: பழைய பட்டறை

24இல் தொடங்கி 22.4இல் முடியும் டிஸ்க்கில் 23.2 என்றால் சரிபாதி தேய்ந்திருக்கிறது. ஒரு தொகுதிப் பேட்டுக்கு அவ்வளவு தேய்ந்தது என்றால் அடுத்த தொகுதியையும் தாங்கும். இரண்டு தொகுதிக்கு அவ்வளவு என்றால் இன்னும் நல்லது. சுற்றிலும் அளந்ததில் பெரிய வேறுபாடு இல்லை, மிதியில் அதிர்வு இல்லை, விரிசல் இல்லை என்றால் தாராளமாகப் புதிய பேட் போடுங்கள். அடுத்த முறை பேட்டோடு டிஸ்க்கையும் சேர்த்து மாற்றத் திட்டமிட்டுக்கொள்ளுங்கள். விளிம்பில் மேடு கூர்மையாக எழும்பியிருந்தால், புதிய பேட்டின் ஓரம் அதில் உரசாதபடி அதைச் சற்றே தேய்த்துவிட வேண்டும். சக்கரத்தைக் கழற்றியிருக்கும்போதே டிஸ்க்குக்கும், அது பொருந்தி உட்காரும் ஹப்புக்கும் இடையே உள்ள துருவைச் சுரண்டிச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். "டிஸ்க் வளைந்துவிட்டது" என்று சொல்லப்படும் அதிர்வு பல நேரங்களில் அந்தத் துருவால் டிஸ்க் இம்மியளவு சாய்ந்து உட்கார்ந்து, சீரற்றுத் தேய்வதால் வருவதுதான்.

பின்சக்கரத்தில் 6 மி.மீ. இருக்கும்போது இப்போது அதைத் தொட வேண்டிய தேவை எதுவும் இல்லை. ஆனால் பின் பேட்டை மறந்துவிடவும் வேண்டாம். சறுக்கல் தடுப்பு அமைப்பும், தானே வேகத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பும் பின் பிரேக்கைப் பலமுறை தாமாகவே பயன்படுத்துவதால், இந்த வகைக் கார்களில் சில நேரம் முன்பக்கத்துக்கு முன்பே பின்பக்கம் தேய்ந்துவிடும். பிரேக் ஆயில் மாற்றி இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தால், பேட்டில் மிச்சப்படுத்திய தொகையில் அதை மாற்றிவிடுங்கள். காற்றின் ஈரத்தை உறிஞ்சிய ஆயில், நீண்ட இறக்கத்தில் கொதித்து மிதியைப் பஞ்சாக்கிவிடும். டாட்4 வகை பிரேக் ஆயிலுக்குப் புதிதில் 230 பாகை செல்சியஸாக இருக்கும் குறைந்தபட்சக் கொதிநிலை, ஈரம் ஏறிய நிலையில் 155 பாகையாக இறங்கிவிடுகிறது.

பொருத்தி முடித்ததும் காரை நகர்த்துவதற்கு முன், மிதி கெட்டிப்படும் வரை பலமுறை மிதியுங்கள். இதைச் செய்யாமல் காரை எடுத்தால் முதல் மிதியில் பிரேக் பிடிக்காது. பிறகு வெறிச்சோடிய சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டரிலிருந்து 10 வரை மிதமாகப் பத்து முறை வேகத்தைக் குறையுங்கள். ஒவ்வொரு முறைக்கும் இடையே சற்று ஓடவிட்டு ஆற விடுங்கள். சூடேறிய நிலையில் மிதியை அழுத்திக்கொண்டே நிற்காதீர்கள். பேட்டின் பொருள் டிஸ்க்கின் ஒரே இடத்தில் ஒட்டிக்கொள்ளும். முதல் 200, 300 கிலோமீட்டருக்கு அவசரம் இருந்தாலன்றிக் கடுமையாகப் பிரேக் பிடிக்க வேண்டாம். அந்தத் தூரம் முடிந்ததும் சக்கரங்களின் இடைவெளி வழியாக டிஸ்க்கைப் பாருங்கள். முழு அகலத்துக்கும் ஒரே மாதிரி சாம்பல் நிறம் படர்ந்திருந்தால் பேட் சரியாக உட்கார்ந்திருக்கிறது. ஒரு பட்டையாக மட்டும் பளபளப்பு இருந்தால் காலிப்பர் ஊசிகளை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

மறுமொழி: அச்சாணி

தெளிவாகிவிட்டது. பாக எண்ணை அடையாள எண்ணைக் கொண்டு எடுத்துவிட்டேன். ஜூரிட்டின் பட்டியலில் அதற்கு ஈடான எண்ணும், என் பழைய தகட்டில் உள்ள அதே டபிள்யூவிஏ எண்ணும் இருக்கின்றன. விநியோகஸ்தர் பட்டியலில் உள்ள கடையிடமிருந்து முன்பக்கப் பேட் ஒரு தொகுதியும், முன் இடது சென்சாரும், கம்பிச்சுருள்களும் வாங்கப்போகிறேன். டிஸ்க்கும் பின் பேட்டும் இப்போது வேண்டாம். பிரேக் ஆயில் மாற்றிய தேதி சேவைக் குறிப்பேட்டில் இல்லை என்பதால் அதையும் மாற்றச் சொல்லிவிடுகிறேன். பெட்டி வந்ததும் ஒப்புதல் எண்ணையும் கலவை எண்ணையும் படம் எடுத்து இங்கே இடுகிறேன். பொருத்துவதற்கு முன் நீங்கள் ஒருமுறை பார்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.